வயர்களுக்கும் ஒரு சட்டம் வேண்டும்!

டெலிபோனில் பேசும்போது கரகரவென்று சத்தம் வருகிறதா? நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்டர்நெட் திடீரென்று நின்று, பிறகு தானாகவே வருகிறதா? கஸ்டமர் கேருக்கு போன் போட்டுச் சண்டை பிடிப்பதற்கு முன் ஒரு நிமிடம். உங்கள் வீட்டுச் சுவரில் பல வருடமாகத் தொங்கும் அந்தப் பழைய மரப் பெட்டியை எப்போதாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா? நான் திறந்து பார்த்தேன். அங்கே கண்டதையும், அதைச் சரி செய்த விதத்தையும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

பாட்டியின் போன்

எங்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறது. திண்ணை, நடுவில் முற்றம், சுண்ணாம்புக் காரை பூசிய தடித்த சுவர்கள் என்று தாத்தா காலத்து வீடு. கடல் பக்கத்தில் இருப்பதால் உப்புக் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. நான் சாப்ட்வேர் இன்ஜினீயர். வாரத்தில் பாதி நாள் மாடி அறையில் உட்கார்ந்துதான் வேலை.

கீழே பாட்டியின் அறையில் ஒரு லேண்ட்லைன் போன் இருக்கிறது. பெரிய பட்டன்கள் கொண்ட பழைய போன். பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம். செல்போனை அவர் தொடுவதே இல்லை. பெரியப்பா பிரான்சில் குடியேறி முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில், இந்த நம்பருக்குத்தான் அவர் பேசுவார். பாட்டிக்கு வாரம் முழுவதும் அந்தப் பதினைந்து நிமிடம்தான் கணக்கு.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அதன் பிறகு பாட்டியின் போனில் கரகர சத்தம் மட்டுமே கேட்டது. "அவன் பேசறது மாதிரியே இல்லடா, யாரோ வறுகடலை வறுக்கறா மாதிரி இருக்கு" என்றார் பாட்டி.

சில வாரங்களில் எங்கள் பழைய செம்புக் கம்பி இணைப்பை ஃபைபருக்கு மாற்றிக் கொண்டோம். நம்பர் மாறவில்லை. ஃபைபர் மோடத்தின் (இதை ஓ.என்.டி. என்பார்கள்) பின்னால் போனுக்கென்று ஒரு துளை இருக்கிறது அல்லவா? அதிலிருந்து வீட்டின் பழைய போன் வயரிங்கிற்கு இணைப்பு கொடுத்தோம். கம்பி போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது, இனி கவலை இல்லை என்று நினைத்தேன். ஆனால் கரகர போகவே இல்லை!

தவறு எங்கே?

இணைப்பு கொடுக்க வந்த லைன்மேன் வயதில் மூத்தவர். பாட்டியின் போனைக் கையில் எடுத்து வந்து நேராக ஓ.என்.டி.யில் செருகினார். டயல் டோன் மணி போல் கேட்டது. அதே போனைப் பாட்டியின் அறையில் செருகினார். கரகர.

"தம்பி, லைன் சுத்தமா இருக்கு. கோளாறு உங்க வீட்டுக்குள்ளதான்" என்றார்.

"என்னண்ணே செய்யலாம்?"

"அந்தப் பொட்டிய எடுத்துக் கடாசிட்டு ஒரு பிரேம் அடிங்க. குரோன் மாட்யூல் ரெண்டு போடுங்க. ஆயுசுக்கும் பேசலாம்."

அவர் போன பிறகு பெட்டியைத் திறந்தேன. உள்ளே இடியாப்பம்! மொத்தம் பதினொரு இணைப்புகள். ஒவ்வொன்றும் இரண்டு வயரின் முனையைச் சீவி, முறுக்கி, மேலே டேப் சுற்றியது. டேப்பைப் பிரித்தால் செம்பில் பச்சைக் களிம்பு. எது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. குழம்பிப் போன புரோகிராமைப் பார்க்கும்போது எங்கள் ஆபீசில் என்ன சொல்வோமோ, அதையே இங்கேயும் சொல்லத் தோன்றியது.

முறுக்கிய இணைப்பில் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று லேசாகத்தான் தொடுகின்றன. நடுவில் காற்று நுழைகிறது. ஈரமும் உப்பும் சேர்ந்து செம்பை அரித்து ஒரு படலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் படலத்தின் வழியே மின்சாரம் சீராகப் போகாமல் விட்டு விட்டுப் போகும். அதுதான் காதில் கரகரவென்று கேட்கிறது. பழைய ஏ.டி.எஸ்.எல். பிராட்பேண்ட் வைத்திருந்தவர்களுக்கு மழை நாளில் மோடம் அடிக்கடி துண்டிக்கப்பட்டதற்கு இத்தகைய இணைப்புகள் ஒரு முக்கியக் காரணம்.

எக்ஸ்சேஞ்சில் எப்படிச் செய்தார்கள்?

கல்லூரியில் படிக்கும்போது ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தோம். அங்கே ஒரு பெரிய அறையில் ஆள் உயரத்துக்கும் மேல் இரும்புச் சட்டங்கள் வரிசையாக நின்றன. அதற்குப் பெயர் எம்.டி.எஃப். அதாவது மெயின் டிஸ்ட்ரிபியூஷன் பிரேம். தெருவிலிருந்து கேபினட், பில்லர், டி.பி. பெட்டி வழியாக வரும் ஆயிரக்கணக்கான ஜோடிக் கம்பிகள் சட்டத்தின் ஒரு பக்கத்தில் முடிகின்றன. எக்ஸ்சேஞ்ச் இயந்திரத்திலிருந்து வரும் கம்பிகள் மறுபக்கத்தில் முடிகின்றன. நடுவில் இரண்டையும் இணைப்பது ஜம்பர் வயர் என்ற மெல்லிய ஜோடி மட்டுமே.

இதில் என்ன விசேஷம்? ஒருவர் வீடு மாறினால் தெருக் கேபிளையும் தொட வேண்டாம், இயந்திரத்தையும் தொட வேண்டாம். ஜம்பரை மட்டும் எடுத்து வேறு இடத்தில் போட்டால் போதும். கோளாறு என்றால் நடுவில் பிரித்து, தவறு தெருப் பக்கமா இயந்திரப் பக்கமா என்று உடனே கண்டுபிடிக்கலாம்.

வயரைப் பிடிக்கும் டெர்மினல் பலகைகள் முன்பு பற்ற வைக்கும் வகையாக இருந்தன. ஒவ்வொரு கம்பிக்கும் சால்டரிங் அயர்ன் பிடிக்க வேண்டும். பிறகு ஜெர்மனியைச் சேர்ந்த குரோன் நிறுவனத்தின் எல்.எஸ்.ஏ. பிளஸ் மாட்யூல்கள் பரவலாக வந்தன. இந்த மூன்று எழுத்துகளின் ஜெர்மன் விளக்கம் இதுதான்: பற்ற வைக்க வேண்டாம், ஸ்குரூ வேண்டாம், இன்சுலேஷனைச் சீவ வேண்டாம். வயரை அப்படியே வைத்து ஒரு டூலால் அழுத்தினால் போதும். 45 டிகிரி சாய்வில் நிற்கும் வெள்ளி முலாம் பூசிய இரண்டு நாக்குகள் இன்சுலேஷனைப் பிளந்து செம்பைக் கவ்விக் கொள்ளும். அந்தக் கடிபடும் இடத்தில் காற்று புகாது. காற்று புகாவிட்டால் களிம்பு ஏது?

குரோன் நிறுவனம் 2004-ல் ஏ.டி.சி.யிடம் போனது. 2010-ல் டைக்கோ எலக்ட்ரானிக்ஸ், 2015-ல் காம்ஸ்கோப் என்று கை மாறியது. ஆனால் கடைத்தெருவில் இன்றும் "குரோன் மாட்யூல்", "குரோன் டூல்" என்று கேட்டால்தான் தருவார்கள்.

பலகைகளைப் பூட்டும் முறை

ஒரு மாட்யூலில் பத்து ஜோடி வயர்களை இணைக்கலாம். இது தனியாகத் தொங்கினால் பயனில்லை. டூலால் அழுத்தும்போது ஆடக் கூடாது. ஒரு வயரை இழுத்தால் பக்கத்து வயர் வரக் கூடாது. அதற்காகத்தான் பிரேம். இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகையில் இரண்டு உருண்டைக் கம்பிகள் செங்குத்தாக நிற்கும். மாட்யூலின் இரு காதுகளிலும் உள்ள கிளிப்புகள் இந்தக் கம்பிகளைக் கவ்வும். பெரிய எம்.டி.எஃப்.களில் இது பயன்படுகிறது.

இரண்டாவது வகை பேக் மவுன்ட் பிரேம். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை 'ப' வடிவத்தில் மடித்து, இருபுறமும் சம இடைவெளியில் பல் போல வெட்டியிருப்பார்கள். ஒரு காதை முதலில் மாட்டி, மறு காதை அழுத்தினால் 'க்ளிக்' என்று பூட்டிக் கொள்ளும். ஒரு மாட்யூலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி எப்போதும் ஒரே அளவு. வயர்கள் மாட்யூலுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் மறைந்து வந்து பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். வீட்டுக்கு ஏற்றது இதுதான். ஐந்து மாட்யூல் பூட்டும் சிறிய பிரேமே தாராளம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கனெக்‌ஷன் மாட்யூலில் மேல் துளையும் கீழ்த் துளையும் நிரந்தரமாக இணைந்திருக்கும். டிஸ்கனெக்‌ஷன் மாட்யூலில் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பிளக்கைச் செருகினால் மேலும் கீழும் பிரிந்துவிடும். விலை சற்று அதிகமானாலும் டிஸ்கனெக்‌ஷன் வகையையே வாங்குங்கள். ஏன் என்று கடைசியில் தெரியும்.

மின்சார போர்டிலும் இதே தத்துவம்தான். எம்.சி.பி.கள் 35 மில்லிமீட்டர் அகலமுள்ள டின் ரெயில் என்ற பட்டையில் வரிசையாகப் பூட்டப்படுகின்றன. டெர்மினல் பிளாக்குகளும் அதே பட்டையில் ஏறும். அவற்றுக்கு ஒரு பக்கம் திறந்திருப்பதால் கடைசி பிளாக்கிற்கு மூடித் தகடும், வரிசை நகராமல் இருக்க இருமுனையிலும் ஸ்டாப்பரும் போட வேண்டும். ஆனால் 230 வோல்ட் வேலையை லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். வெள்ளம் புகுந்த வீடு என்றால், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் அவரிடமே கேளுங்கள்.

செய்து பார்க்கலாமா?

இனி போன் வயருக்கு நான் செய்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. முதலில் காகிதம். எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது என்று படம் வரையுங்கள். ஒவ்வொரு வயரிலும் நம்பர் எழுதிய ஒட்டுத்தாளைச் சுற்றுங்கள். நம்பர் போடாமல் எதையும் வெட்டாதீர்கள். எங்கள் வீட்டில் 1 பாட்டி அறை, 2 கூடம், 3 மாடி.

2. இடம் பாருங்கள். எங்கள் சுவரில் வெள்ளம் விட்டுச் சென்ற கோடு இன்னும் இருக்கிறது. அதற்கு மேல் நன்றாக உயரத்தில், என் மார்பளவில் பெட்டியை வைத்தேன். குளியலறைச் சுவரும் சமையலறைச் சுவரும் வேண்டாம். மின்சார வயரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும். குறுக்கே போக நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

3. சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஸ்குரூ நிற்காது. பொலபொலவென்று உதிரும். முதலில் தண்ணீருக்குத் தாங்கும் பிளைவுட் பலகை ஒன்றை நீளமான ஸ்குரூக்களால் உள்ளே செங்கல் வரை இறக்கிப் பொருத்தினேன். அதன் மேல் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் பிரேம்.

4. மாட்யூல்களைக் கீழிருந்து மேலாகப் பூட்டுங்கள். இரு காதும் 'க்ளிக்' என்றனவா என்று பாருங்கள். ஒரு காது மட்டும் பூட்டியிருந்தால் டூலால் அழுத்தும்போது கழன்று வந்துவிடும். வயர் கொண்டு வரும் பக்கத்தில் ஒரு சாண் அதிகம் விடுங்கள். முதல் தடவை நான் வயரை இறுக்கமாக வெட்டிவிட்டேன். மாட்யூலைப் பூட்டப் போனபோது வயர் எட்டவில்லை. மீண்டும் முதலிலிருந்து!

5. மேல் மாட்யூல் உள்ளே வருவதற்கு, கீழ் மாட்யூல் அறைகளுக்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். ஓ.என்.டி.யின் போன் துளையிலிருந்து வரும் ஜோடி, மேல் மாட்யூலில் முதல் இடத்தின் மேல் துளைகளுக்கு. அதன் கீழ்த் துளைகளிலிருந்து ஜம்பர் வயர் புறப்பட்டு, கீழ் மாட்யூலின் 1, 2, 3 இடங்களின் மேல் துளைகளில் வெட்டாமல் தொடர்ச்சியாகப் போகும். குரோன் டூலில் உள்ள வெட்டும் கத்தியை நிறுத்தி வைக்க வசதி உண்டு. கடைசித் துளையில் மட்டும் வெட்டுங்கள். மூன்று அறைகளுக்குப் போகும் வயர்கள் அந்தந்த இடத்தின் கீழ்த் துளைகளில்.

6. ஒரு துளைக்கு ஒரு வயர். ஒற்றைக் கம்பியாக உள்ள வயர் மட்டுமே இதற்கு ஏற்றது. பல இழை உள்ள வயர் நிற்காது. ஸ்குரூ டிரைவரால் குத்தாதீர்கள். நாக்கு அகன்றுவிட்டால் அந்தத் துளை வீண். அழுத்திய பிறகு மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

7. மூடியின் உள்பக்கம் படத்தை ஒட்டுங்கள். ஐந்து வருடம் கழித்துத் திறக்கப் போவது நீங்களாகக்கூட இருக்கலாம். அப்போது உங்களுக்கே நினைவிருக்காது.

ஒரு முக்கிய எச்சரிக்கை

பழைய செம்புக் கம்பி வெளியிலிருந்து இன்னும் உங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கலாம். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் கம்பியில் 48 வோல்ட் மின்சாரம் இருக்கும். ஓ.என்.டி.யின் போன் துளையும் தன் பங்குக்கு மின்சாரம் தருகிறது. இரண்டையும் ஒரே வயரிங்கில் சேர்த்தால் ஓ.என்.டி. கெட்டுப்போக வாய்ப்புண்டு. முதலில் பழைய ஜோடியைப் பிரித்துவிடுங்கள். நான் அதை மேல் மாட்யூலில் பத்தாவது இடத்தில் தனியே இறக்கி, 'பழைய லைன், தொடாதே' என்று எழுதி வைத்தேன்.

மணி அடிக்கும்போது வோல்டேஜ் இன்னும் உயரும். ஷாக் அடிக்கும். ஈரக் கையோடு தொடாதீர்கள். வேலை செய்யும்போது ஓ.என்.டி.யிலிருந்து போன் வயரைக் கழற்றிவிடுங்கள். ஃபைபரின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஃபைபரை இறுக்கி மடிக்கவும் வேண்டாம்.

மல்ட்டி மீட்டர் சோதனை

எல்லா போன்களையும் கழற்றுங்கள். ஓ.என்.டி. இணைப்பும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு அறை வயரையும் தனியாக அளக்க வேண்டும். அதற்காகக் கீழ் மாட்யூலின் மூன்று இடங்களிலும் டிஸ்கனெக்‌ஷன் பிளக்கைச் செருகிக் கொள்ளுங்கள். இப்போது ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே அளந்தால் மீட்டரில் எந்த இணைப்பும் காட்டக் கூடாது. அறையில் உள்ள முனையில் இரண்டையும் ஒன்றாகத் தொட வையுங்கள். 0.5 மி.மீ. செம்பு வயர் 20 மீட்டர் ஓடினால் போக வர சுமார் மூன்றரை ஓம்ஸ் காட்ட வேண்டும். ஐம்பது, நூறு என்று காட்டினாலோ, எண் ஆடிக்கொண்டே இருந்தாலோ நடுவில் எங்கோ மோசமான இணைப்பு இருக்கிறது.

எங்கள் வீட்டில் 1-ம் 2-ம் சரியாக இருந்தன. 3-ல், அதாவது மாடி வயரில், எதிர்முனையைச் சேர்க்காதபோதே மீட்டர் ஏதோ ஒரு எண்ணைக் காட்டி ஆடியது. ஜோடிக்குள் கசிவு!

சோதனைக்காக எல்லாவற்றையும் இணைத்து, பாட்டி அறையில் போனை எடுத்தேன். முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் லேசான கரகர இருந்தது. மூன்றாம் இடத்தில் மட்டும் டிஸ்கனெக்‌ஷன் பிளக்கைச் செருகினேன். சத்தம் சட்டென்று நின்றது. பிளக்கை எடுத்தேன். மறுபடியும் கரகர. குற்றவாளி அகப்பட்டான். மொட்டை மாடி வழியாகப் போன அந்த வயரின் மேலுறை வெயிலில் வெடித்து, உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. பழைய பெட்டியாக இருந்தால் பதினொரு முறுக்கையும் ஒவ்வொன்றாகப் பிரித்திருக்க வேண்டும். இப்போது ஆன நேரம் ஒரு நிமிடம். டிஸ்கனெக்‌ஷன் வகை ஏன் வேண்டும் என்று புரிகிறதா?

மறுநாள் அந்த வயரைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள்ளேயே புது வயர் இழுத்தேன்.

நெட்வொர்க் வயருக்கும் இதுவா?

இல்லை. போனுக்கான சாதாரண குரோன் மாட்யூல் பேச்சுக்குப் போதும். கிகாபிட் வேக லேன் வயரை அதில் இறக்காதீர்கள். அதற்கென்று கேட்-6 பேட்ச் பேனல் அல்லது கீஸ்டோன் ஜாக் கிடைக்கிறது. அதிலும் டூலால் அழுத்தும் முறைதான். வயரின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். 568-பி வரிசை இதோ: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருக்க வேண்டும்.

கரண்ட் போனால்?

பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்தது. அதனால் ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் பேசியது. ஃபைபர் போன் அப்படி அல்ல. வீட்டில் கரண்ட் போனால் ஓ.என்.டி. அணையும், போனும் அணையும். புயல் நேரத்தில்தான் போன் தேவை, அப்போதுதான் கரண்டும் இருக்காது! எனவே ஓ.என்.டி.க்கு ஒரு மினி யு.பி.எஸ். வாங்கிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். வாங்கும் முன் உங்கள் ஓ.என்.டி. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் குறித்துக் கொண்டு போங்கள். பல மாடல்கள் 12 வோல்ட், ஆனால் எல்லாமே அல்ல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு மணி அடித்தது. பாட்டி பேசி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பெரியப்பனுக்குச் சளி புடிச்சிருக்குடா. சொல்லல. குரல்லயே தெரியுது" என்றார். இத்தனை நாள் கரகரவில் பாட்டிக்குக் கேட்காமல் போனது அதுதான்.

மொத்த வேலைக்கும் எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. நீங்களும் இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே இடியாப்பம் இருந்தால், முதலில் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பிறகு.